எட்டு மணி நேரத் தூரம்

என் அக்கா பெற்றது ஒரே மகன். அவன் வந்து முகம் பார்ப்பதற்குள் அவளைக் கொண்டுபோய் மண்ணில் வைத்தவர் அவள் புருஷன், என் அத்தான். பதினேழு வருஷம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான், உள்ளே காலெடுத்து வைக்காமல், அவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போய் வந்தேன். நான் பஸ்ஸுக்குத் தகரம் தட்டுகிறவன். எப்பேர்ப்பட்ட ஒடுக்கு விழுந்த வண்டியையும் சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடுவேன். இது மட்டும் எடுபடவில்லை.

அத்தான் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். ஸ்டாண்டு வாசலில் நிறுத்திவைத்த தீப்பெட்டி மாதிரி ஒரு கூண்டு. அதற்குள் ஒரு சுவர்க் கடிகாரம், கால் ஆடுகிற நாற்காலி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்குகிற விசில். வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது, இரண்டையும் எழுதிக் கழித்தால் ஓடின நேரம் வந்துவிடும். முப்பது வருஷம் அவர் செய்த வேலை இந்தக் கழித்தல்தான். எவ்வளவு பெரிய முரட்டு டிரைவராக இருந்தாலும் அவர் விசில் ஊதாமல் கியரைத் தொடமாட்டான். "ஒரு நிமிஷம்தானே அண்ணே" என்று எவனாவது இழுத்தால், அந்த ஒரு நிமிஷத்தை உன் சம்பளத்தில் பிடிக்கவா என்பார்.

தூரத்தை அவர் தூரமாகச் சொன்னதே கிடையாது. கடை எவ்வளவு தூரம் என்றால் நாலு நிமிஷம் என்பார். என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வந்து இறங்கியபோது, வாங்க என்று சொல்லவேண்டிய மனுஷன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "கால் மணி லேட்டு" என்றார். என் மாமனார் சாகும்வரை அதை மறக்கவில்லை. அக்கா மட்டும் சிரித்துக்கொள்வாள். உன் அத்தானோடு வாழ்வது பஸ் ஸ்டாண்டில் குடித்தனம் பண்ணுகிற மாதிரிடா, தூங்கும்போதுகூட யாரோ விசில் ஊதுகிறார்கள் என்பாள்.

அவர்கள் மகன் நன்றாகப் படித்தான். எங்கள் பக்கத்தில் யாரும் அவ்வளவு படித்ததில்லை. படிப்பு முடிந்ததும் வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்தில் வேலை கிடைத்தது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் என்றான். அக்காவுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. அத்தான்தான் விளக்கினார்: நம் மலை பஸ் நூறு நடை போய் வந்தால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம். அக்கா முகம் சின்னதாகிவிட்டது. ஏன்தான் விளக்கினாரோ என்று எனக்கு இருந்தது.

அவனை விமானம் ஏற்றிவிட எல்லோரும் போனோம். காலை பத்து மணிக்கு விமானம் கிளம்பியது. நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் மாறவேண்டும். மறுநாள் போன் வந்தது. காலை ஆறு மணிக்கு இறங்கிவிட்டேன் என்றான். அத்தான் விரலை மடக்கினார். பத்திலிருந்து மறுநாள் ஆறு, இருபது மணி நேரம். அடுத்த வருஷம் லீவில் வந்தான். அங்கே காலை பத்து மணிக்கு ஏறியவன் அன்றைக்கே சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே இறங்கினான். அத்தான் மறுபடி விரலை மடக்கினார். எட்டு மணி நேரம்.

போக இருபது, வர எட்டு. வேறு யாராவது சொல்லியிருந்தால் யோசித்திருப்போம். நேரத்தைப் பற்றி டைம்கீப்பரிடம் எவன் கேள்வி கேட்பான்? அவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. மலை பஸ் ஏறும்போது மூன்று மணி நேரம் எடுக்கும், இறங்கும்போது இரண்டே மணி நேரத்தில் வந்துவிடும். அந்த மாதிரி இதுவும் ஏத்தம் இருபது, இறக்கம் எட்டு என்று தெரு முழுக்கச் சொன்னார்.

"அப்போ நம்ம பையன் மேட்டுலயா இருக்கான்?" என்றாள் அக்கா.

"அவன் சமமாத்தான் இருக்கான். நாமதான் பள்ளத்துல இருக்கோம்."

அந்த எட்டு மணி நேரத்தை அக்கா பிடித்துக்கொண்டாள். உங்க மகன் ரொம்பத் தூரமாச்சே என்று யாராவது உச்சுக் கொட்டினால் போதும், எட்டு மணி நேரம்தான், காலையில் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் நிற்பான் என்பாள். பக்கத்து டவுனுக்குப் போய் வர ஆகிற நேரம்தானே என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். முதல்முறை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகனுக்குச் சொல்லிவிடலாம் என்று நான் போனை எடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போ எதுக்குடா அவனை அலைக்கழிக்கணும், எட்டு மணி நேரம்தானே, வேணும்கிறபோது கூப்பிட்டுக்கலாம் என்றாள்.

அடுத்த வருஷம் அந்த வேணும்கிற நேரம் வந்தது. கூப்பிட அவள் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, தண்ணீர் கேட்டு, தண்ணீர் வருவதற்குள் போய்விட்டாள்.

வீட்டு போனில் பேசினால் அழுகைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று அத்தான் தெருமுனை போன் கடைக்காரனை எழுப்பப் போனார். நானும் வருகிறேன் என்றேன். நீ இங்கே இரு என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்து எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: அவன் கிளம்பிவிட்டான், காலை ஆறு மணிக்கு விமானம், எட்டு மணி நேரம், பகல் இரண்டுக்கு இறங்குவான், மூன்று மணிக்கு வீட்டில் இருப்பான்.

பகல் முழுக்க அவர் உட்காரவில்லை. வருகிறவர்களை வா என்று சொல்லவுமில்லை, அழவுமில்லை. தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தார். மூன்று ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் பெண்கள் எழுந்து நின்றார்கள். நாலு மணிக்கு அவர் உள்ளே வந்து, எடுங்கள் என்றார்.

ராத்திரிவரைக்கும் பார்க்கலாம், ஐஸ் பெட்டியில்தானே வைத்திருக்கிறோம், நாளைக் காலையில்கூட எடுக்கலாம் என்றேன். விமானம் வந்திருந்தால் அவன் வந்திருப்பான், வராதவன் இனி வரமாட்டான் என்றார். என் மனைவி அவர் காலைப் பிடித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். நான் வெளியே போய், நின்றிருந்த சவ வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வண்டி ஓட்டுகிறவன் முன்னாளில் பஸ் ஓட்டினவன். நான் கதவை விடவில்லை, அவனும் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அத்தான் வாசல்படியில் நின்று, ஸ்டாண்டில் கத்துகிற அதே குரலில், "நேரமாச்சு, வண்டியை எடு" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அவன் கை தானாகச் சாவியைத் திருப்பிவிட்டது. பாவம், பழக்கம். வண்டி நகர்ந்தபோது நான் பக்கத்திலேயே ஓடினேன்.

மண் போட்டுவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். மருந்துக்கடைக்காரர் துக்கம் கேட்க வந்தார். அவர் மருமகனும் அதே நகரத்தில்தான் இருந்தான். மகன் எத்தனை மணிக்கு ஏறினான் என்று கேட்டார். இங்கே காலை ஆறு மணி இருக்கும்போது என்றோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்போ ராத்திரி எட்டு மணிக்குத்தானே இறங்குவான்? பதினாலு மணி நேரம் ஆகுமே. அதுக்குள்ள ஏன் எடுத்தீங்க?"

போக பதினாலு, வரவும் பதினாலு, அங்கே கடிகாரம் இங்கேயைவிட ஆறு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். யார் கேட்டார்கள்? எல்லோரும் அத்தானைத்தான் பார்த்தோம். அவர் எழுந்து மறுபடி தெருமுனைக்குப் போனார். வந்து, மகன் விமானம் மாறுகிற ஊரிலிருந்து பேசினான், எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன், இனி வந்து என்ன என்று அங்கிருந்தே திரும்பிவிட்டான் என்றார்.

நான் அன்றைக்கு அவரைப் பேசாத பேச்சு இல்லை. முப்பது வருஷம் ஊரான் வண்டிக்கெல்லாம் நேரம் பார்த்தீர்களே, பெண்டாட்டிக்குப் பார்க்கத் தெரியவில்லையா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். தெருவில் ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்.

"ஆமா மாப்ளே. தப்பாப் போட்டுட்டேன்."

அன்றிலிருந்து அவருக்கு எட்டுமணி என்று பெயர் வந்தது. எட்டுமணி வீடு, எட்டுமணி போறார், எட்டுமணியைக் கேளு. அவர் சொந்தப் பெயரைத் தெரு மறந்தேபோயிற்று. ஸ்டாண்டில் இன்னும் மோசம். அண்ணே, என் வண்டி இன்னைக்கு ஏத்தமா இறக்கமா என்று டிரைவர்கள் கூண்டுக்குள் தலையை நீட்டிக் கேட்பார்களாம். விசில் ஊதினால், சரியாப் பார்த்துத்தான் ஊதினீங்களா என்பார்களாம். இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கியிருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். நான் அதற்கும் இரக்கப்படவில்லை. வேண்டும் என்றுதான் நினைத்தேன். என் மனைவி மனசு கேட்காமல் மத்தியானச் சோறு கொடுத்தனுப்புவாள். சோறு போகும், நான் போகமாட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மகன் வந்தான். தெருவே அவனைத் தாங்கியது. அம்மா முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காத பிள்ளை, பாதி வழி வந்து திரும்பின பிள்ளை என்று பெண்கள் அவன் தலையைத் தடவித் தடவி அழுதார்கள். ஆளுக்கு ஒரு வேளை சாப்பிடக் கூப்பிட்டார்கள். என் வீட்டிலும் உட்காரவைத்து, அவன் தட்டு நிறைய வைத்து, அவன் அப்பாவை வண்டி வண்டியாகத் திட்டினேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"விடுங்க மாமா. அப்பா பாவம், அவருக்கு என்ன தெரியும்" என்றான்.

என்ன பெரிய மனசு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்திரி மனைவியிடம்கூட அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அதன்பிறகு அவன் வருவது குறைந்தது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் அதுவும் இல்லை. வந்தால் அம்மா ஞாபகம் வருகிறது என்று சொன்னதாகக் கேள்வி. நியாயம்தானே என்றார்கள் தெருவில்.

இந்த வருஷம் ஒருநாள் ரிட்டையர் ஆன கண்டக்டர் ஒருவர் என் பட்டறைக்கு ஒரு வேனைக் கொண்டுவந்தார். பின்கதவில் ஒடுக்கு. நான் தட்டிக்கொண்டிருக்க, அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பழைய கதை பேசினார். பேச்சில் அத்தான் வந்தார். எட்டுமணி இப்போ படுத்த படுக்கை, நெஞ்செல்லாம் சளி, ஸ்டாண்டில் தின்ற புகையெல்லாம் இப்போ வெளியே வருகிறது என்றேன்.

அந்தப் பெயரை நீங்களும் சொல்லாதீர்கள், கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்றார் கண்டக்டர். ஏன் என்றேன்.

"அந்தக் கணக்கை அவருக்குத் திருத்திக் கொடுத்ததே நான்தானே. உங்க அக்கா உயிரோட இருந்தப்பவே."

என் சுத்தியல் நின்றுவிட்டது. அவர் சாவகாசமாகச் சொன்னார். மலை ஸ்டாண்டு கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் வேகமாக ஓடும். மலையிலிருந்து வருகிற வண்டிக்கெல்லாம் அத்தான் அந்தப் பத்து நிமிஷத்தைச் சரிக்கட்டித்தான் எழுதுவார். அண்ணே, உங்க மகன் ஊர்க் கடிகாரமும் அந்த மாதிரிதான், பத்து நிமிஷத்துக்குப் பதில் ஆறு மணி நேரம் வேகம் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். சொன்ன அடுத்த நொடியே அத்தானுக்குப் புரிந்துவிட்டதாம். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாராம். போகவும் வரவும் பதினாலு என்று அவரே சொன்னாராம். அப்புறம், இதை என் வீட்டுக்காரி காதில் போட்டுவிடாதே, அவள் எட்டு மணி நேரத்தை நம்பித்தான் ராத்திரி கண்ணை மூடுகிறாள் என்று கேட்டுக்கொண்டாராம்.

இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்றேன். அக்கா போன சமயத்தில் அவர் மலை டெப்போவுக்கு மாற்றலாகிப் போயிருந்தாராம். திரும்பி வந்தபோது, எட்டுமணி என்ற பெயரைக் கேட்டுவிட்டு அத்தானிடமே போய் என்ன இது என்று கேட்டிருக்கிறார். துக்கத்தில் பழைய கணக்கு வாயில் வந்துவிட்டது, விடு என்றாராம் அத்தான். நானும் விட்டுவிட்டேன் என்றார் கண்டக்டர்.

நான் விடவில்லை. நேரத்தில் அரை நிமிஷம் விடாத மனுஷனுக்கு ஆறு மணி நேரம் மறக்குமா? வேனை அப்படியே போட்டுவிட்டு, கை கழுவாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

மருந்து வாடை அடிக்கிற சின்ன அறை. தலைக்கு மூன்று தலையணை அண்டக்கொடுத்துச் சாய்ந்து கிடந்தார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"பதினேழு வருஷம் லேட்டு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. பதினாலு மணி நேரம் என்று தெரிந்தே ஏன் நாலு மணிக்கு எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் மூச்சு வாங்கினார். கண்டக்டர் வந்தானா என்றார். அப்புறம் மெதுவாக, விட்டு விட்டு, சொன்னார்.

அன்றைக்கு மகன் விமானம் ஏறவே இல்லை. வீட்டை விட்டே கிளம்பவில்லை. நான் வரலைப்பா, நீங்களே முடிச்சிடுங்க என்று போனில் சொல்லிவிட்டான். விமானம் மாறுகிற ஊர், பாதி வழி, திரும்பினது எல்லாம் இவர் தெருமுனையில் நின்று யோசித்துக் கட்டினது. அதை அவனிடமும் சொல்லிவைத்தார். அவனும் சரி என்றான்.

"என்ன காரணம் சொன்னான்?" என்றேன்.

"காரணம் என்ன காரணம். டைம்கீப்பர் மகன்ல, கணக்குப் போட்டான். போக பதினாலு, வர பதினாலு, இருபத்தெட்டு மணி நேரம். அதுல அம்மா முகத்தைப் பார்க்கிறது அரை மணி நேரம். வந்து என்னப்பா ஆகப்போகுது, அம்மா எழுந்திரிக்கப் போறாங்களான்னு கேட்டான்." கொஞ்சம் இருமினார். "கழிச்சுப் பார்த்தா கணக்கு சரியாத்தான் இருக்கு மாப்ளே."

ராத்திரிவரைக்கும் வைத்திருந்தால், ஏன் வரவில்லை என்று தெரு கேட்கும். மறுநாள்வரை வைத்திருந்தால் இன்னும் கேட்கும். அதனால் தன் கையில் தயாராக இருந்த பழைய தப்பை எடுத்து வெளியே வைத்துவிட்டார். டைம்கீப்பருக்கு நேரம் தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும், பெற்றவள் செத்ததற்கு வராதவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள் அல்லவா என்றார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. கூடப் பிறந்தவன்தானே நான்."

"சொல்லியிருந்தா, அவன் வந்தப்போ உன் வீட்டு வாசல்ல ஏத்தியிருப்பியா?"

"செருப்பால அடிச்சிருப்பேன்."

"அதான் சொல்லலை."

எனக்கு ஆத்திரம் குறையவில்லை. அதுவரைக்கும் ஒருத்தர்மேல் இருந்தது, இப்போது இரண்டு பேர்மேல் ஆயிற்று. தட்டு நிறைய வைத்து உபசரித்தேனே, அப்பா பாவம் என்றானே, அதைக் கேட்டு அழுதேனே என்று வயிறு எரிந்தது. இவர்மேல் அதைவிட எரிந்தது. ஒரு பொய்யனைக் காப்பாற்றுவதற்காக என் அக்காவை அவசர அவசரமாக வண்டி ஏற்றி அனுப்பினாரே. அவளுக்கு என்ன நியாயம் என்று கேட்டேன். அவள் எட்டு மணி நேரத்தில் வந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டே போனாள், அந்த மட்டும் அவளுக்கு நல்லதுதான் என்றார். 

எழுந்தேன். கதவுவரை போனவனை மாப்ளே என்று கூப்பிட்டார். அதற்கப்புறம் நாலாம் நாளே அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. அதனால் என்னிடம் அவர் சொன்ன கடைசி வேலை அன்றைக்குச் சொன்னதுதான்.

"நான் போனா அவனுக்குச் சொல்லணும்ல, சொல்லு. ஆனா உடனே சொல்லாதே. மண்ணைப் போட்டு மூடி, வீட்டுக்கு வந்து, கை கால் கழுவினப்புறம் போன் பண்ணு. முன்னாடியே ஏன் சொல்லலைன்னு தெருவுல எல்லாரும் உன்னைப் பிடிச்சுத் திட்டுவாங்க. வாங்கிக்கோ. வரலைன்னு அவனை இன்னொரு தடவை சொல்ல வச்சிடாதே."